காசியம்மாளும் கட்டி கரைக்கும் ஊசியும்

காசியம்மாளுக்கு வயிற்றெரிச்சல் என்றால் அடி அண்ணாமலை ஊரில் யாரும் மருந்துக் கடைக்கு ஓட மாட்டார்கள். வள்ளி என்ன புதிதாக வாங்கினாள் என்றுதான் கேட்பார்கள். அப்படிப் பேர் எடுத்தவள் அவள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. விடியலில் மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தால் பொழுது சாயும்வரை ஓயமாட்டாள். பசி என்று வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்பியதும் இல்லை. ஆனால் ஓரகத்தி வள்ளியின் வீட்டில் ஒரு பல்பு கூடுதலாக எரிந்துவிட்டால் போதும், அன்றைக்கு இவளுக்குச் சோறு இறங்காது.

வள்ளி, காசியம்மாளின் கொழுந்தன் சகாதேவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மூத்த மருமகள் காசியம்மாள் அந்த வீட்டுக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தாள். பின்னால் வந்த வள்ளி பச்சை பெயிண்ட் அடித்த இரும்பு பீரோவோடு வந்தாள். மாட்டு வண்டியிலிருந்து பீரோவை இறக்க ஆள் போதவில்லை என்று காசியம்மாளையும் ஒரு மூலை பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தாள். பீரோ அன்றைக்கே இறங்கிவிட்டது, அந்தப் பாரம் மட்டும் அவள் மனசிலிருந்து இறங்கவே இல்லை.

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம் அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். மூத்தவன் ராமதாஸ், காசியம்மாளின் புருஷன். அவனே முதலில் எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். பின்பக்கம் கிணற்றோடு ஒரு கொல்லை, முன்பக்கம் கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு மேட்டு நிலம். பாதையோர நிலம் என்றால் ஆடு மேயும், நடக்கிறவன் மிதிப்பான், கல்லும் முள்ளுமாகக் கிடக்கும். ராமதாஸ் எதையும் நிதானமாக யோசிக்கிறவன். அவனை யோசிக்கக் காசியம்மாள் விடவில்லை. கிணறு வள்ளிக்குப் போய்விடக் கூடாது என்ற ஒரே பிடியில் நின்று, பின்பக்கத்தை வாங்கிக்கொண்டாள்.

பிறகு நடந்ததை ஊரே பார்த்தது. வருஷத்துக்கு வருஷம் பௌர்ணமிக் கூட்டம் ஏறிக்கொண்டே போயிற்று. சாமியார்களும் ஆசிரமத்து வெள்ளைக்காரர்களும் நடந்துகொண்டிருந்த பாதையில், மெட்ராசிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். நடப்பவனுக்குத் தாகம் எடுக்கும். தாகம் எடுக்கிற இடத்தில் வள்ளி கடை போட்டிருந்தாள். முதலில் கீற்றுக் கொட்டகையும் ஒரு மோர்ப் பானையும். அப்புறம் டீ பாய்லர். அப்புறம் கலர் பாட்டில் அடுக்கும் ஐஸ் பெட்டி. பின்பக்கம் காசியம்மாளின் கிணற்றில் தண்ணீர் கீழே கீழே போயிற்று. நீங்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டதுதானே என்று வள்ளி ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டு ஆறியிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல், அந்தக் கடையில் ஒரு வாய் டீ குடிப்பதில்லை என்று காசியம்மாள் தனக்குள் வைராக்கியம் வைத்தாள். டீ வேண்டுமென்றால் வெயிலில் நடந்து, வள்ளியின் கடையைத் தாண்டிப் போய், வேறு கடையில் குடித்துவிட்டு வருவாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரப்போகிற வினை அங்கேதான் முளைத்தது. அரசாங்கத்தில் கறவை மாடு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓரகத்திகள் இருவரும் வேங்கிக்காலில் இருக்கும் ஆபீசுக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டில் மாடு இருக்கிறதா, நிலம் இருக்கிறதா, தளம் போட்ட வீடா என்று கேட்டார். பக்கத்தில் வள்ளி நிற்கிறாள். அவள் காதுபட இல்லை என்று எப்படிச் சொல்வது? காசியம்மாள் நிமிர்ந்து நின்று, மாடு இரண்டு, கொல்லை ஒன்று, கிணறு, தளம் போட்ட வீடு என்று கேட்காததையும் சேர்த்து ஒப்பித்தாள். அடுத்து வந்த வள்ளி, நிலம் புருஷன் பேரில், மாடு அம்மா வீட்டில் என்று தனக்குள் கணக்குப் போட்டு எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். அடுத்த மாசம் வள்ளியின் வாசலில் மடி கனத்த ஜெர்சி மாடு ஒன்று வந்து நின்றது. காசியம்மாளுக்கு அன்று ஒரு ஞானம் பிறந்தது. படித்தவர்கள் பேனாவோடு கேள்வி கேட்டால் எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அப்போதுதான் கிடைக்கும்.

சகாதேவனுக்கு நெஞ்சுவலி வந்தது தொண்ணூற்றெட்டில். கடையில் சர்க்கரை மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தவன் மூட்டை மேலேயே சாய்ந்தான். வேர்த்துக் கொட்டியது, இடது கை மரத்துப்போயிற்று. டவுனில் ஒரு நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நெஞ்சுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது, அதைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறது என்றார் டாக்டர். போட்டார்கள். சொட்டுச் சொட்டாக அது இறங்கி முடிந்தபோது சகாதேவனின் வலி விட்டிருந்தது. ஒரு வாரத்தில் வாசலில் இறங்கி வீட்டுக்குள் நடந்தே வந்துவிட்டான்.

கொழுந்தன் பிழைத்ததில் காசியம்மாளுக்குச் சந்தோஷம்தான். மாரியம்மன் கோயிலில் கற்பூரம்கூட ஏற்றினாள். அவள் தாங்கமாட்டாமல் போனது அதற்கப்புறம் நடந்த திருவிழாவை. ஊரே ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வள்ளி வீட்டுக்குத் திரண்டது. வள்ளி கதை சொல்வாள். கதையின் நடுவில் டாக்டர் கேட்ட கேள்விகள் வரும். வயிற்றில் புண் உண்டா, ரத்த வாந்தி எடுத்தாரா, சமீபத்தில் ஆபரேஷன் ஆயிற்றா, தலையில் அடி பட்டதா, பக்கவாதம் வந்ததா. "எல்லாத்துக்கும் இல்லை இல்லைன்னேன். அப்படின்னா ஊசி குடுக்கலாம்னாரு" என்று வள்ளி முடிக்கும்போது கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். ஒரு மூலையில் காசியம்மாள் உட்கார்ந்து, ஜெர்சி மாட்டை நினைத்துக்கொள்வாள். இங்கேயும் அதே வித்தையா என்று அவள் மனசு பொருமும்.

வள்ளியின் மகள் நந்தினி அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஊசிக்கு அவள் விளக்கம் சொல்வாள். த்ராம்பஸ் என்றால் ரத்தக் குழாய்க்குள் உறைந்த கட்டி, லைசிஸ் என்றால் கரைப்பது, அப்படிக் கரைக்கிற மருந்துகளுக்கெல்லாம் த்ராம்போலிடிக் என்று பேர், அப்பாவுக்குப் போட்டது அந்த ஜாதியில் ஒன்று என்பாள். வந்தவர்கள் அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்துத் தடுமாறிச் சிரிப்பார்கள். வள்ளிக்கும் பாதிதான் வரும். காசியம்மாள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து பால் கறக்கும்போது மாட்டின் மடிக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். வள்ளியைவிடச் சுத்தமாக அவள் வாயில் அது வந்தபோது, நெடுநாளைக்கப்புறம் அவளுக்கு நன்றாகப் பசித்தது.

பேர் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பேருக்குப் பாதி அர்த்தம்தான் அவளுக்குத் தெரியும். மீதி பாதிக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

மூன்று வருஷம் கழித்து ஒரு மாசி மாதத்தில், மாட்டுக் கொட்டகைக்குக் கீற்று மாற்ற ஏறிய ராமதாஸ் கால் தவறி விழுந்தான். பின்மண்டை கல் தொட்டியில் மோதியது. கொஞ்ச நேரம் நினைவில்லை. எழுந்ததும் ஒரு தரம் வாந்தி எடுத்தான். காசியம்மாள் காயத்தில் காப்பித் தூளை அமுக்கித் துண்டால் கட்டினாள். சத்தம் கேட்டு வள்ளி தன் கடைப் பெட்டியிலிருந்து ஐஸ் கட்டிகளை ஒரு துணியில் கட்டிக்கொண்டு ஓடி வந்து அவன் தலையில் வைத்தாள். ஐஸ் பெட்டி இருக்கிறதென்று காட்டிக்கொள்ள வந்தாள் என்று காசியம்மாள் நினைத்தாள். நினைத்ததோடு நில்லாமல் மாட்டிடமும் அதைச் சொன்னாள். தலைவலி விட்டுவிட்டு வந்ததைத் தவிர ராமதாசுக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. காயம் முடிக்குள் மறைந்து பக்கு கட்டிவிட்டது. அவனும் வழக்கம்போல வேலைக்குப் போனான்.

அடுத்த பௌர்ணமி அன்று காலை, கூட்டம் சேரத் தொடங்கியிருந்த நேரம், ராமதாஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டான். தம்பிக்கு வந்த அதே வேர்வை, அதே இடது கை. போலீஸ் பாதையை அடைப்பதற்குள் போக வேண்டுமென்று சகாதேவன் ஆட்டோ பிடித்து வந்தான். ஆஸ்பத்திரி பழக்கம் வள்ளிக்குத்தான் உண்டு என்று அவளையும் ஏற்றி அனுப்பினான். புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு காசியம்மாள் அழுதாள். அழுகையின் நடுவிலும், எங்கே போக வேண்டும் என்று வள்ளி டிரைவருக்கு வழி சொல்கிற தோரணை அவள் கண்ணில் உறுத்தியது.

அதே நர்சிங் ஹோம், அதே டாக்டர். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி எடுத்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, தம்பிக்கு அடைத்த மாதிரியே அண்ணனுக்கும் அடைத்திருக்கிறது என்றார்.  இந்த மனிதன் போய்விட்டால் தனக்கு யாருமில்லை என்ற பயம் காசியம்மாளைப் பிடித்துக்கொண்டது. அதற்கடியில் இன்னொன்றும் இருந்தது. வள்ளி புருஷனுக்கு வந்தது தன் புருஷனுக்கும் வந்திருக்கிறது, அவனுக்குக் கிடைத்தது இவனுக்கும் கிடைத்தே தீர வேண்டும் என்று அது அடம் பிடித்தது.

"சார், த்ராம்போலிடிக் குடுத்துடுங்க" என்றாள். "கட்டியைக் கரைச்சுடும்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். கொடுக்கத்தான் போகிறேன், அதற்கு முன்னால் சிலதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி, மருந்து எழுதிய சீட்டை வள்ளியிடம் கொடுத்துக் கீழே கடைக்கு அனுப்பினார். பிறகு பேனாவைத் திறந்தார். ராமதாஸ் வலிக்குப் போட்ட ஊசியில் கண் செருகி, மூக்கில் ஆக்சிஜனோடு கிடந்தான். பதில் சொல்ல அவளைத் தவிர ஆள் இல்லை.

வயிற்றில் புண்? இல்லை. ரத்த வாந்தி? இல்லை. ஆபரேஷன்? இல்லை. டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் அவள் பதில் வந்து விழுந்தது. அவர் அவசரப்படாமல், இதெல்லாம் எதற்குக் கேட்கிறேன் என்றால் என்று தொடங்கினார். எல்லாம் தெரியும் என்று அவள் தலையை ஆட்டினாள். சமீபத்தில் தலையில் அடி ஏதாவது பட்டதா என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் காசியம்மாளுக்கு நாக்குத் தடுமாறியது. கல் தொட்டி ஞாபகம் வந்தது. கூடவே வள்ளி வாசலில் வந்து நின்ற ஜெர்சி மாடும் ஞாபகம் வந்தது. இருக்கிறது என்று சொல்லி ஒரு தரம் ஏமாந்தாயிற்று.

"இல்லைங்க" என்றாள்.

வள்ளி ஊசி மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்டிக் பையில் வைத்து மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். நர்ஸ் அதை வாங்கப்போகும்போது, அங்கே வழக்கம் போலிருக்கிறது, கேள்விகளை மறுபடி ஒரு தடவை கேட்டாள். தலையில் அடி கிடி எதுவும் படவில்லை என்றுதான் சொன்னேனே என்று காசியம்மாள் எரிந்து விழுந்தாள். நீட்டிய பையை வள்ளி பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"என்னக்கா சொல்ற? நான்தானே ஐஸ் கொண்டாந்து வெச்சேன்."

"நீ சும்மா இருடி."

வள்ளி சும்மா இருக்கவில்லை. டாக்டர் பக்கம் திரும்பி, கொட்டகை மேலிருந்து விழுந்ததையும் நினைவு தப்பியதையும் வாந்தியையும் ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் ராமதாசின் பின்மண்டையில் முடியை விலக்கித் தடவிப் பார்த்தார். பக்கு கையில் தட்டியது. அந்த மருந்தைத் திருப்பி அனுப்பு என்று நர்சிடம் சொல்லிவிட்டு, வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக ஆம்புலன்சுக்குப் போன் போடச் சொன்னார். காசியம்மாளை அவர் ஒரு வார்த்தையும் திட்டவில்லை.

திட்டியது காசியம்மாள்தான்.

"உன் புருஷனுக்குப் போட்டப்ப நான் குறுக்க வந்தனா? எம் புருஷனுக்குப் போட்டா மட்டும் உனக்கு ஏண்டி எரியுது?"

வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.  வள்ளி கையிலிருந்த பையிலிருந்து ஐஸ் உருகி அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வந்ததும் கூப்பிடாமலே ஏறி ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். வேலூர் போகும்வரை காசியம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தூக்கிப் போடும்போதும், இந்நேரம் அந்த ஊசி பாதி இறங்கியிருக்கும், வலி விட்டிருக்கும், பாவி கெடுத்தாள் என்று மனசுக்குள் சபித்துக்கொண்டே போனாள்.

வேலூரில் நெஞ்சைப் பார்ப்பதற்கு முன்னால் தலையைப் படம் எடுத்தார்கள். இளவயது லேடி டாக்டர் ஒருத்தி அந்தப் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிக் காசியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள். மண்டை ஓட்டின் உள்பக்கம், தேய்பிறை வடிவத்தில் ஒரு நிழல். விழுந்த அன்று உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, அது தானாகக் கட்டிப்போய்க் கசிவை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றாள். காசியம்மாளுக்கு உடனே ஒரு வழி தோன்றியது. அப்படியென்றால் அதையும் சேர்த்துக் கரைத்துவிடலாமே என்று கேட்டாள்.

"அதாம்மா ஆபத்து. அந்த மருந்துக்கு நெஞ்சு எது, தலை எதுன்னு தெரியாது. ரத்தம் போற இடமெல்லாம் அதுவும் போகும், அடைப்பா இருக்கிற கட்டியையும் கரைக்கும், புண்ணை மூடிக் காப்பாத்துற கட்டியையும் கரைக்கும். போட்டிருந்தா உள்ள ரத்தம் பீறியிருக்கும். ஆளு இங்க வந்து சேர்ந்திருக்க மாட்டாரு. அதனாலதான் அத்தனை கேள்வி கேக்கறோம்."

 இல்லை என்று தான் சொன்ன அந்த ஒரு வார்த்தை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்பது மெல்ல மெல்லக் காசியம்மாளுக்குள் இறங்கியது. வெளியே பெஞ்சில் வள்ளி பொட்டலத்திலிருந்து இட்லியைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சாப்பிடுக்கா என்றாள். காசியம்மாள் சாப்பிட்டாள். உள்ளே டாக்டர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வள்ளி ஜெயித்துவிடுவாள் என்றிருந்தது.

ஊசி இல்லாமல், மாத்திரையும் படுக்கையுமாக நாள் எடுத்து ராமதாஸ் தேறினான். நெஞ்சில் பாதி பலம் போய்விட்டது, இனிமேல் ஏற்றம் இறக்கம் கூடாது, மண்வெட்டி தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். உயிரோடு வந்தான், அதுதான் விஷயம். இப்போது ஹார்லிக்ஸும் ஆப்பிளும் காசியம்மாள் வீட்டுக்கு வந்தன. எத்தனை வருஷம் இதற்காக ஏங்கினாள்! வந்தவர்கள் ராமதாசை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்பார்கள். காசியம்மாளுக்குச் சொல்ல வாய் வராது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வள்ளி கடைப் பக்கம் போவார்கள். அங்கே போய்க் கேட்பார்கள். வள்ளி சொல்லுவாள்.

என்ன சொல்லுகிறாள் என்பது காசியம்மாளைத் தின்றது. தன்னைப் பொய்க்காரி, புருஷனைக் கொல்லப் பார்த்தவள் என்று ஊர் முழுக்கப் பரப்பிக்கொண்டிருப்பாள். தான் அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பாள். ஒரு நாள் மத்தியானம், பார்க்க வந்த பக்கத்துத் தெரு சந்திரம்மாள் இவள் வீட்டிலிருந்து எழுந்து கடைக்குப் போனதும், பின்னாலேயே போய்க் கீற்றுத் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்றாள். வள்ளியை முடியைப் பிடித்து இழுக்கத் தயாராகத்தான் போனாள்.

வள்ளி கிளாஸைக் கழுவிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் கேட்டபோது அக்காவுக்குப் பதற்றத்தில் ஒன்றும் ஓடவில்லையாம். பாவம், யாருக்குத்தான் ஓடும்? அப்புறம் ஊசி போடப்போகிற நேரத்தில் சட்டென்று ஞாபகம் வந்து, தலையில் அடி பட்டதென்று அக்காதான் சொன்னாளாம். "எங்க அக்கா மட்டும் சொல்லலைன்னா மாமா இன்னிக்கு இல்லை" என்றாள். கெட்டிக்காரிதான் காசியம்மாள் என்று சந்திரம்மாள் உச்சுக் கொட்டினாள்.

தட்டிக்கு இந்தப் பக்கம் காசியம்மாளுக்கு உடம்பு முழுக்கப் பற்றி எரிந்தது. பீரோ அவளுக்கு. பாதையோரம் அவளுக்கு. ஜெர்சி மாடு அவளுக்கு. கடைசியில் பெரிய மனசும் அவளுக்கேவா? நிலத்தை விட்டுக் கொடுத்தாயிற்று, இதை விட்டுக் கொடுக்க முடியாது. விடுவிடுவென்று கடைக்குள் போனாள்.

"இவ சொல்றது பொய்யி. அடிபட்டதைச் சொன்னது இவதான். நான் இல்லைன்னு சொன்னேன், தெரிஞ்சேதான் சொன்னேன். இவ புருஷனுக்குப் போட்ட ஊசி எம் புருஷனுக்கும் வேணும்னு சொன்னேன். போய் ஊர்ல சொல்லு."

சந்திரம்மாள் வாயைப் பிளந்தாள். வள்ளியின் கையில் கிளாஸ் அப்படியே நின்றது. அவள் முகத்தில் முதல் தடவையாக எதையோ பறிகொடுத்த மாதிரி ஒரு திகைப்பு. காசியம்மாளுக்கு நெஞ்சு லேசாயிற்று. பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னாடி பார்த்துக்கிட்டே நிக்கற, ஒரு டீ போடு" என்றாள்.

வள்ளி பால் கொஞ்சம் ஜாஸ்தியாக ஊற்றிப் போட்டுக் கொடுத்தாள். இத்தனை வருஷமாக வெயிலில் தாண்டித் தாண்டிப் போன கடையில் உட்கார்ந்து காசியம்மாள் அதை ஊதி ஊதிக் குடித்தாள். டீ நன்றாக இருந்தது. அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.